காலில் விழுந்த ஸ்மார்ட் வாட்ச்

உடம்பை அளக்கத் தெரிந்த கருவிக்கு, அந்த உடம்பு எதற்காகக் குனிகிறது என்பது தெரியாது. இந்த மாபெரும் உண்மையை மலேசியாவின் கிள்ளான் ஊரில் ஒரு வீட்டு ஹாலில் குப்புறக் கிடந்தபடி கற்றுக்கொண்டேன்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். (நான் சொல்லாவிட்டால் அப்பா சொல்லிவிடுவார், ரொட்டி சானாய் போடும் அண்ணனிடம்கூடச் சொல்லியிருக்கிறார்.) பெட்டாலிங் ஜெயாவில் வேலை, கையில் ஸ்மார்ட் வாட்ச். என் நாடித்துடிப்பு, தூக்கம், மூச்சு எல்லாம் அதன் பொறுப்பு. நான் விழுந்தால் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லும் வசதியும் இருந்தது. விழுகிற ஆளா நான்?

சுரேனும் நானும் கல்யாணத்துக்கு முடிவெடுத்துவிட்டோம். அவன் அம்மாவின் சம்மதம்தான் பாக்கி. "ரொம்பப் படிச்ச பொண்ணு, தலை வணங்காது" என்று ஆன்டி என்னைப் பார்க்காமலேயே தீர்ப்பு எழுதிவிட்டாராம். வணங்கிக் காட்டுகிறேன் என்று அப்பாவோடு அவர் வீட்டுக்குக் கிளம்பிப் போனேன். ஆன்டியின் காலில் பணிவாக விழ வேண்டிய இடத்தில், கோல்கீப்பர் மாதிரி பாய்ந்து விழுந்தேன். முட்டி டைல்ஸில் மோதிய சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

ஆன்டி ஆசீர்வாதத்தை ஆரம்பித்தார். குலதெய்வத்தில் தொடங்கி ஒவ்வொரு சாமியாக அழைத்தார். முடியும்வரை எழக்கூடாதே என்று அசையாமல் கிடந்தேன். வாட்ச்சுக்கு அது போதாதா? பலமாக விழுந்தாள், அசையவில்லை, ஆள் அவ்வளவுதான் என்று முடிவுகட்டி அலற ஆரம்பித்தது. அணைக்கலாம் என்றால் என் இரண்டு கையும் ஆன்டியின் பாதத்தில். அவரோ அலறலுக்கு மேல் குரலை உயர்த்தினாரே தவிர நிறுத்தவில்லை.

சோபாவில் இருந்த அப்பாவின் போன் அடித்தது.

"யாரோ இங்கிலீஸ்ல பேசுறாங்க. தம்பி, என்னானு கேளுங்க."

சுரேன் வாங்கிக் கேட்டான். "அங்கிள், காவியா பலமா விழுந்துட்டாங்களாம். அசைவே இல்லையாம்."

"ஐயோ, என் புள்ள!" அப்பா துள்ளி எழுந்தார். "எங்க தம்பி?"

சுரேன் குனிந்து என்னைப் பார்த்தான். "இங்கதான் அங்கிள்."

"பா! நான் நல்லாதான் இருக்கேன் லா!" என்று தரையிலிருந்து கத்தினேன்.

"சும்மா இரு காவியா, போன்ல முக்கியமான விசயம் பேசுறாங்க!"

ஆன்டி சாமிகளைப் பாதி வழியிலேயே இறக்கிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார். கல்யாணம் போச்சு என்றே நினைத்தேன்.

"எந்திரிம்மா" என்றார், சிரித்துச் சிரித்து வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டு. "வணங்காத பொண்ணுன்னு நான்தான் சொன்னேன். என் கால்ல எத்தனையோ பேரு விழுந்திருக்காங்க. மிசினே சாட்சி சொல்ற மாதிரி ஒருத்தரும் விழுந்ததில்ல. சுரேன், நாள் பார்க்கலாம்டா."

இப்போது அவர் என் மாமியார். தீபாவளிக்கு வரும் பிள்ளைகள் அங்பாவுக்காக, அதாவது உறையில் போட்டுக் கொடுக்கும் பண்டிகைக் காசுக்காக, அவர் காலை லேசாகத் தொட்டுவிட்டு ஓடப் பார்த்தால் விடமாட்டார்.

"இதெல்லாம் விழுறதா? சத்தமே வரலையே! போ, அத்தைகிட்ட ட்ரெய்னிங் எடுத்துட்டு வா."

வரிசையில் நிற்கிறார்கள். பட்டதாரி நான், பாய்வது எப்படி என்று பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.