சுவர்தட்டியாரின் பிழையான கணக்கு

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் சுவரைத் தட்டிப் பார்த்து, அதன் பிறகே ஆட்களுக்கு வணக்கம் சொல்லும் மனிதர் லண்டன் முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில், எங்கள் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தார். தமிழ்நாட்டு இஞ்சினியர். நாங்கள் வைத்த பெயர் சுவர்தட்டியார்.

நான் படிப்பைப் பாதியில் விட்டுச் சிக்கன் கடையில் வேலைக்கு நின்றவன். அவருடைய வேலை விளங்கவே எனக்கு ஒரு வருஷம் எடுத்தது. உலகத்தில் எங்கே பூமி குலுங்கினாலும், எத்தனை வீடு விழுந்திருக்கும், எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்று அவருடைய கம்ப்யூட்டர் அரை மணித்தியாலத்தில் சொல்லவேண்டும். உண்மைக் கணக்கு பிறகு வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, கம்ப்யூட்டர் எங்கே பிழைவிட்டது என்று தேடித் திருத்துவார்.

கம்ப்யூட்டர் சொன்னதைவிடக் குறையப் பேர் செத்திருந்தால், அன்றைக்கு அப்டன் பார்க் கடைத்தெருவில் லட்டு வாங்கி வருவார்.

"கணக்குப் பிழைச்சதுக்கோ லட்டு?" என்று அம்மா கேட்டார்.

"ஆமாம்மா. நான் தப்புன்னா அத்தனை பேர் உயிரோட இருக்காங்க."

"மனேசர் என்ன சொல்லுறார்?"

"அவர் லட்டு சாப்பிட மாட்டார்மா."

ஒருமுறை பக்கத்து வீட்டுப் பிறந்தநாளுக்குப் போய், "இங்க ராத்திரி எத்தனை பேர் படுப்பீங்க?" என்று கேட்டுவிட்டார். கம்ப்யூட்டருக்கு அதுவும் வேண்டுமாம். வீட்டுக்காரர், அளவுக்கு மேல் ஆள் வைத்திருப்பதைப் பிடிக்க வந்த கவுன்சில் ஆள் என்று நினைத்து வெளிறிப்போனார். "நாலே நாலு பேர்தான் ஐயா." அதற்குள் மேல்மாடியில் குடியிருந்தவர்கள் எல்லோரும் ரோல்ஸ் தட்டுகளோடு பாத்ரூமுக்குள் பூட்டிக்கொண்டார்கள். சுவர்தட்டியார் கைகழுவப் போய்க் கதவைத் தட்டினார். உள்ளே ஏழு பேர் ஒன்றாக இருமினார்கள். கொப்பியை எடுத்து, நாலை வெட்டிப் பதினொன்று என்று எழுதினார்.

அந்த வருஷம் என் அண்ணன் ஊரிலிருந்து களவாக லண்டனுக்கு வந்துகொண்டிருந்தான். காசு வாங்கி ஆள் கடத்தும் ஏஜென்சிக்காரன் அவனை வழியில் ஏதோ ஒரு மலை ஊரில் மாதக்கணக்காக வைத்திருந்தான். ஒரு சனிக்கிழமை அந்த ஊரில் பூகம்பம் என்று டிவி சொன்னது. போன் போகவில்லை. அம்மா குசினியில் அடுப்பை அணைத்துவிட்டு, போனைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார்.

சுவர்தட்டியார் கம்ப்யூட்டரோடு வந்தார். நான் எட்டிப் பார்க்க, மூடியைச் சாத்தினார்.

"எவ்வளவு சொல்லுது அண்ணை?"

"உங்கண்ணன் இருக்கிற வீட்டுச் சுவர் எதுல கட்டினது?"

எனக்குக் கோபம் வந்தது. "அவன் உயிரோட இருக்கிறானோ தெரியேல்லை. நீங்கள் இப்பவும் சுவரைக் கேக்கிறியள்."

"சொல்லுப்பா. அதுலதான் இருக்கு."

அம்மாதான் வாய் திறந்தார். "பலகை. இடுக்காலை குளிர் வருதெண்டு அழுதவன். அந்தத் தெரு முழுக்கப் பலகைதானாம்."

சுவர்தட்டியார் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். "அம்மா, கல்வீடுன்னு நினைச்சு கணக்குப் போட்டிருக்கு இது. பலகை ஆடும். அவ்வளவு சுலபத்துல விழாது." பலகை என்று மாற்றி, கணக்கைக் குறைத்துப் போட்டார்.

மூன்று நாள் வேலைக்குப் போகாமல் போனடியிலேயே எங்களோடு கிடந்தார். மூன்றாம் நாள் போன் மணி அடித்தது. அண்ணன்தான்.

"அம்மா, நான் சுகம். காலிலை போட்ட சப்பாத்திலை ஒண்டைத்தான் காணேல்லை."

அந்த ஊரில் உண்மைக் கணக்கு, அவர் குறைத்துப் போட்டதைவிடவும் குறைவாக வந்தது. தெருவுக்கே லட்டு கொடுத்தார். கொடுக்கும்போது அழுதார்.

அண்ணன் இப்போது எங்களோடு இருக்கிறான். சுவர்தட்டியார் போன மாதம் நித்திரையிலேயே போய்விட்டார். வலி தெரிந்திருக்காது என்று டொக்டர் சொன்னார். அந்தமட்டில் நிம்மதி.

முன்னறை வாடகைக்கு இருக்கிறதா என்று ஆட்கள் போனில் கேட்கிறார்கள்.

"இல்லை. அதிலை ஆள் இருக்கு" என்கிறார் அம்மா.