மோட்டார் அண்ணனின் எமுலேட்டர்

பொறுமைக்கு ஒரு கோயில் கட்டினால் மூலவராக மோட்டார் அண்ணனைத்தான் உட்கார வைக்க வேண்டும். மடியில் ஒரு ஓட்டை லேப்டாப்போடு.

தஞ்சாவூரில் மொபைல் ஆப் எழுதக் கற்றுத்தரும் ஒரு சென்டரில் நானும் அவரும் ஒரே பெஞ்சு. எனக்கு இருபத்திரண்டு, அவருக்கு நாற்பது. பட்டுக்கோட்டைக்காரர்; மஸ்கட்டில் பத்து வருஷம் லாரி ஓட்டியவர். தேங்காய் பறிக்க ஆள் கூப்பிடும் ஆப் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். நன்றாக வந்தால் அங்கேயே வேலை என்று சென்டர் சார் சொல்லியிருந்தார். வராவிட்டால் மறுபடி மஸ்கட். "இந்தத் தடவை போனா எம்பொண்ணு என்னை அங்கிள்னுதான் கூப்பிடும் தம்பி" என்பார், சிரிக்காமல்.

ஆப்பை ஓட்டிப் பார்க்க எமுலேட்டர் என்று ஒன்று உண்டு: கம்ப்யூட்டர் திரைக்குள்ளேயே ஓடும் ஒரு பொய்ப் போன். அவர் லேப்டாப்பில் அது உயிர் பெற இருபது நிமிஷம். டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தார். அடியில் ஈரச் சாக்கு போட்டார். விபூதியும் பூசினார். ம்ஹூம்.

பிறகுதான் கவனித்தேன். ஒரு வரியைத் திருத்துவார், ஓட்டிப் பார்ப்பார், உடனே எமுலேட்டரை மூடிவிடுவார். அடுத்த வரிக்கு மறுபடி இருபது நிமிஷம்!

"ஏண்ணே மூடுறீங்க? அது பாட்டுக்குத் திறந்தே கெடக்கட்டுமே!"

"வயல்ல தண்ணி பாஞ்சதும் மோட்டாரை நிறுத்தணும் தம்பி. சும்மா ஓடுனா சூடேறி உள்ள இருக்குற காயில் கருகிப் போயிடும்."

தலையில் அடித்துக்கொண்டேன். அன்றைக்கு வைத்த பெயர்தான் மோட்டார் அண்ணன்.

ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். "எம்போனு பட்டன் போனு. உன் போனைக் கொஞ்சம் குடேன், கேபிள்ல மாட்டி ஓட்டிப் பாப்போம்." புதுப் போன், கெட்டுவிடும் என்றேன். பாவி நான். அதன்பிறகு அவர் கேட்கவேயில்லை.

சாரிடம் காட்டும் நாள் வந்தது. காலையிலிருந்து அண்ணன் எமுலேட்டரைத் திறக்கவில்லை; சூடாகிவிடுமாம். சார் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஆன் செய்தார். சார் ஒரு டீ குடித்தார். இன்னொரு டீ குடித்தார். "உங்க ஆப் ரொம்ப ஸ்லோங்க" என்று எழுந்து போய்விட்டார். அண்ணன் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் போன் என் பாக்கெட்டில்தான் இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பத்தாம் நாள் மஸ்கட்டுக்குக் கிளம்பினார். புது பஸ் ஸ்டாண்டில் திருச்சி பஸ்ஸுக்கு நின்றவரிடம் ஓடிப்போய், லேப்டாப்பைத் திறக்கச் சொல்லி என் போனை மாட்டினேன். ஆப் ஏறியது. தொட்டதும் தென்னைமரப் படத்தோடு பளிச்சென்று திறந்தது.

அண்ணன் அதையே பார்த்தார். "நான் எழுதுனதா இது? நாந்தான் மெதுவா எழுதித் தொலைச்சிட்டேன்னு நெனச்சேன் தம்பி."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அதற்குப் பிறகு இரண்டு போன் மாற்றிவிட்டேன். ஒவ்வொன்றிலும் அந்தத் தென்னைமரத்தைத்தான் முதலில் ஏற்றுகிறேன். அவ்வப்போது திறந்து பார்ப்பேன். பார்த்ததும் மூடிவிட வேண்டும் என்பார் அண்ணன். எனக்குத்தான் மூட மனசு வருவதில்லை.