போலீசைப் பிடித்த கதை

நான் எதையும் பாதியில் விட்டவன் இல்லை. ஆரம்பித்தால்தானே பாதியில் விடுவதற்கு என்பாள் என் மனைவி பிரிஜிட். அவள் சொல்வதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தத் தடவை ஆரம்பித்துவிட்டேன். எங்கள் காரின் இன்சூரன்ஸ் கம்பெனியை வாய் திறக்க வைக்காமல் இந்த ரெஜினால்ட் ஓய மாட்டான்.

தப்பு என்னுடையதுதான். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜாசின் டவுன் வழியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். பெண்கள் ஏன் கார் ஓட்டக்கூடாது என்று பிரிஜிட்டுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவளிடமும் லைசென்ஸ் இருக்கிறது. பத்தொன்பது வருஷமாகப் புத்தம்புதுசாகவே இருக்கிறது.

"ரோட்டைப் பார்க்கிற நிதானம் வேணும்மா. அது ஆம்பளைக்குப் பிறவியிலேயே வர்றது" என்றேன், அவள் பக்கம் திரும்பி.

"முன்னால லோரி."

"பேச்சை மாத்தாதே."

அவள் பேச்சை மாற்றவில்லை. லோரிதான் எங்கள் காரின் முகத்தை மாற்றியது.

பின்னால் வந்து இடித்தவன்தான் குற்றவாளி. போலீஸ் ஸ்டேஷனில் ரிப்போர்ட் கொடுத்தேன், கையோடு சம்மனும் வாங்கினேன். லோரிக்குப் போனது ஒரே ஒரு பின்விளக்கு. எங்கள் காருக்கு மூக்கு, வாய், பல் எல்லாம் போயிற்று. அதை மஸ்ஜித் தானாவில் இருக்கும் ஒரு வொர்க்‌ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி தலையாட்டாமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட மாட்டோம் என்றார்கள் அங்கே.

எனக்கு என்ன அவசரம் என்று கேட்பீர்கள். ஜூலைக் கடைசியில் புக்கிட் மெர்தாஜாமில் அன்னம்மாள் திருவிழா. வருஷா வருஷம் பிரிஜிட்டின் அண்ணன் பிரான்க்ளின் மச்சானின் வேனில்தான் போவோம். மச்சான் ஐந்து மணி நேரம் வேன் ஓட்டுவார், ஆறு மணி நேரம் பேசுவார். எல்லாம் அடுத்தவன் எப்படி ஓட்டக்கூடாது என்பதைப் பற்றித்தான். இந்த வருஷம் ஈஸ்டர் விருந்தில், மொத்தக் குடும்பத்துக்கு முன்னால் நான் எழுந்து நின்று சொல்லிவிட்டேன், இந்த வருஷம் என் காடி, என் கை என்று. இப்போது கார் வராவிட்டால் மறுபடியும் அந்த வேன்தான். ஜாசினில் ஏறியதும் என் லோரிக் கதையை எடுப்பார், புக்கிட் மெர்தாஜாமில்தான் இறக்கி வைப்பார். அதற்கு நான் நடந்தே போய்விடுவேன்.

ஆகவே போரில் இறங்கினேன். தினமும் ஃபோன். மெஷின் எடுத்தது. ஒன்றை அழுத்து என்றது, அழுத்தினேன். மூன்றை அழுத்து என்றது, அழுத்தினேன். பிறகு பாட்டு போட்டது. பாட்டு முடிந்ததும் லைன் போயிற்று. கோயிலில் காணிக்கைப் பாட்டுக்குப் பதிலாக அந்தப் பாட்டை முணுமுணுத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஈமெயில் போட்டேன். உங்கள் கடிதம் கிடைத்தது என்று அடுத்த நொடியே பதில் வந்தது. அதற்குப் பிறகு ஊமையாகிவிட்டார்கள். நான் எழுதிய புகார்களையெல்லாம் அச்செடுத்து ஒரு ஃபைலில் போட்டேன். ஐந்தாவது வாரம் அந்த ஃபைலை மூட முடியவில்லை.

"அட்ஜஸ்டர் பார்த்தாச்சான்னு கேட்டா பதிலே இல்ல" என்றேன் பிரிஜிட்டிடம். "அட்ஜஸ்டர்னா யாருன்னாவது உனக்குத் தெரியுமா?"

"தெரியும். இடிச்சு வச்சதைப் பார்ப்பாங்க. எவ்வளவு சேதம்னு மனசுக்குள்ள எழுதிக்குவாங்க. ஒண்ணும் சொல்லாமப் போயிருவாங்க. பத்தொம்பது வருஷமா எனக்கு அந்த வேலைதானே."

"கிண்டல் பண்ணாதேலா. நீ பாட்டுக்குக் கூட வேலை பார்க்கிற வெரோனிக்காவோட மலாக்கா ஆஸ்பத்திரிக்கு ஜம்முனு வேலைக்குப் போய்ட்டு வர்றே. நான் நியாலாஸ் மில்லுக்கு அடுத்தவன் மோட்டார் சைக்கிள் பின்னால தொத்திக்கிட்டுப் போறேன். ஒத்தை ஆளாப் போராடுறேன். என்னா ஏதுன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீங்கதானே சொன்னீங்க, இது ஆம்பளைங்க விஷயம், நீ தலையிடாதேன்னு."

"சொன்னேன். அதுக்காக?"

"உங்க விஷயத்துல தலையிடாம இருக்கேன்."

ஏழாவது வாரம், புதன்கிழமை. திருவிழாப் பயணத்துக்கு மூன்றே நாள். அன்றைக்குப் பாட்டு பாதியில் நின்றது. உயிருள்ள ஒரு பெண் பேசினாள். கார் நம்பரைக் கேட்டாள், என் பெயரைக் கேட்டாள், எதையோ தட்டிப் பார்த்தாள். பிறகு மலாயில் படபடவென்று சொன்னாள். "மாஃப் என்சிக், பெமெகாங் போலிசி சாஜா போலே." அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

எனக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. மாஃப் என்சிக் என்றால் மன்னிக்கணும் ஐயா. பெகாங் என்றால் பிடி. போலிஸ் என்றால் போலீஸ். சாஜா போலே என்றால் அப்போதுதான் முடியும். ஆக, போலீசைப் பிடித்தால்தான் காரியம் நடக்கும் என்கிறாள். ஏழு வாரத்தில் ஒருத்தியாவது வழி சொன்னாளே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மில்லில் அரைநாள் லீவு போட்டேன். ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜாசின் ஸ்டேஷனுக்குப் போனேன். நல்ல வேளையாக அங்கே தமிழ் சார்ஜன் ஒருவர் இருந்தார், வசந்தன் என்று பெயர்.

"சார்ஜன், உங்களைப் பிடிக்கச் சொல்லி அனுப்பியிருக்காங்க" என்றேன்.

அவர் தேத்தண்ணி கிளாஸைக் கீழே வைத்தார். "யாரு யாரைப் பிடிக்கிறதுண்ணே?"

நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"அண்ணே, அது பெகாங் போலிஸ் இல்ல. பெமெகாங் போலிசி. இன்சூரன்ஸ் போலிசி யார் பேர்ல இருக்கோ அவங்க. அவங்ககிட்ட மட்டும்தான் பேசுவாங்களாம்."

"அது நான்தானே."

அவர் என் ஃபைலை வாங்கி முதல் பக்கத்தைத் திறந்தார். ஏழு வாரமாக நான் திறக்காத ஒரே பக்கம் அது. என் புகார்கள் எல்லாம் அதற்குப் பின்னால்தான் இருந்தன.

"இதுல பிரிஜிட், பாக்கியசாமி மகள்னு போட்டிருக்கு. நீங்களா?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அரசாங்கத் தாதிக்கு லோன் சுலபமாகக் கிடைக்கும் என்று அவள் பேரில் வாங்கிய கார். ஓட்டியது நான் என்பதால் எனக்கே மறந்துபோயிற்று. அந்தப் போலிசியில் போலி நான்தான்.

அப்போதும் நான் விடவில்லை. பிரிஜிட் ஒரு ஃபோன் போட வேண்டும், அவ்வளவுதானே. வாய் அவளுடையதாக இருக்கட்டும், மூளை என்னுடையது. வேகமாக வீட்டுக்கு நடந்தேன். அவள் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"பிரிஜிட், ஒரு சின்ன வேலை. கம்பெனிக்கு நீ ஒரு ஃபோன் போடணும். என்னா பேசணும்னு நான் பக்கத்துல இருந்து சொல்லித் தர்றேன்."

"எதுக்கு?"

"கிளேம் விஷயமா."

"அது முடிஞ்சிருச்சே."

நான் உட்கார்ந்துவிட்டேன். "எப்ப?"

"இடிச்ச மறுவாரமே எனக்கு ஈமெயில் வந்துச்சு. ரெண்டு தடவை ஃபோனும் பண்ணாங்க. நல்ல பொண்ணு, மரியாதையாப் பேசுச்சு. ரெஜினால்ட்னு யாரோ ஒருத்தர் ஈமெயில் மேல ஈமெயில் போட்டுச் சண்டை பிடிக்கிறாரு, உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டுச்சு."

"நீ என்னா சொன்னே?"

"எங்கயோ பார்த்த மாதிரி இருக்குன்னேன்."

"அப்ப காடி?"

"மூணு வாரமா வெரோனிக்கா வீட்டு வாசல்ல நிக்குது."

"அவளா ஓட்டுறா?"

"அவளுக்கு லைசென்சே இல்லைங்க. மொதல்ல ரெண்டு பேரும் பஸ்லதான் போனோம். இப்ப நான் ஓட்டுறேன், அவ பக்கத்துல உட்கார்ந்து வர்றா."

எனக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம். "தலையிடாதேன்னு சொன்னேன்ல?"

"உங்க விஷயத்துல தலையிடல. என் போலிசியிலதான் தலையிட்டேன்." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "சொல்லியிருந்தா சாவியை வாங்கிட்டுப் போயிருப்பீங்க. எனக்கும் ஓட்டணும்னு ஆசையா இருந்துச்சு. எத்தனை வருஷமாக் கேட்டேன். இந்த மூணு வாரம்தான் கிடைச்சுது."

அவள் சிரிக்காமல் சொன்னாள். மூன்று வாரம் மலாக்கா போய்வந்து ஒரு கீறல்கூட இல்லை. நான் ஜாசின் டவுனையே தாண்டவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

ஆனாலும் உறுதி உள்ள மனுஷனுக்கு எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்றும் தெரியும். யார் ஓட்டினால் என்ன, மச்சான் கண்ணுக்கு முன்னால் நான் சொந்தக் காரில் போய் இறங்க வேண்டும், அதுதானே முக்கியம்.

"சரிம்மா. சனிக்கிழமை நீயே ஓட்டு. புக்கிட் மெர்தாஜாம் வரைக்கும் முழுசா உன் கை. நான் பக்கத்துல உட்கார்ந்து வழி மட்டும் சொல்றேன்" என்றேன் பெருந்தன்மையாக.

"பக்கத்துல வெரோனிக்கா. பின்னால அவ அம்மா, என் தங்கச்சி ஜெனட், ஜெனட்டோட மாமியார். காடி நிறைஞ்சிருச்சுங்க."

"அப்ப நான்?"

"அண்ணன் வேன்ல, அவருக்குப் பக்கத்துச் சீட்டு. லோரி விஷயத்தை உங்க வாயாலயே கேட்கணும்னாரு."