ஹைபிரிட் காரும் உன் டிரைவர் வேலையும்

ஜீவனஹள்ளி,
பெங்களூர்.
ஆகஸ்ட் 2009

பொறுமையில் பூமாதேவியை ஒத்த மருமகன் குணசேகருக்கு, உன் தாய்மாமன் ஜெயவேலு எழுதிக்கொள்வது. இங்கு நான் உயிரோடு இருக்கிறேன். அங்கு கோலார் தங்கவயலில் நீயும் ஞானம்மாள் அக்காவும் இதைவிடக் கொஞ்சம் நன்றாக இருக்க வேண்டுகிறேன்.

இது இப்படித்தான் முடியும் என்று நான் முன்பே சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்காதே. என் முதலாளி கஸ்தூரிரங்கன் ஐயா வீட்டில் பழைய அம்பாசடரை ஓட்ட உன்னைச் சொல்லிவைத்திருந்தேனே, அந்த வேலை போச்சு. சுரங்கம் மூடியதிலிருந்து நீ தினமும் ரயிலேறி இங்கே வந்து வெறுங்கையோடு திரும்புவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எல்லாம் ஐயாவின் மகன் சுதீர் வாங்கிவந்த புதுக்காரால் வந்த வினை. "இது ஹைபிரிட், ஜெயவேலு" என்றதுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. ஹைபிரிட் என்றால் இந்த ஊரில் தக்காளி. பார்க்கப் பளபளப்பு, ரசத்தில் போட்டால் ஒன்றுமில்லை. ருசிக்கு நாட்டுத் தக்காளிதான், இங்கத்துப் பேச்சில் 'நாட்டி'. சமையல் லட்சுமம்மாகூட எட்டிப் பார்த்து, "ஏன்ரீ, நாட்டி காரு கெடைக்கலியா?" என்றாள்.

அந்த விஞ்ஞானத்தைச் சொல்கிறேன், இதைச் செய்த ஜப்பான்காரனே என்னிடம்தான் சந்தேகம் கேட்டான். ஒரு ரகத்தில் பெட்ரோல் எஞ்சினும் கரண்டு மோட்டாரும் சேர்ந்தே சக்கரத்தைச் சுற்றும், மேட்டில் மோட்டார் தோள்கொடுக்கும், பிரேக் போட்டால் அந்த வேகத்தையே கரண்டாக்கி பேட்டரியில் போட்டுக்கொள்ளும். இன்னொன்றில் எஞ்சின் சக்கரத்தைத் தொடவே தொடாது, கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் மாதிரி ஓரமாக நின்று கரண்டு மட்டும் தயாரிக்கும், ஓட்டுவது மோட்டார். மூன்றாவது இரண்டும் கலந்தது, எப்போது எது ஓடணும் என்று அதுவே முடிவு செய்யும், டிரைவரைக் கேட்காது. நாலாவதைச் செல்போன் மாதிரி சார்ஜில் போடவேண்டும். எங்களுடையது முதல் ரகம். நான் நாலாவது என்று நம்பி, இஸ்திரிக்கடை கோவிந்தப்பாவிடம் ஒயர் வாங்கிவந்து, பிளக் சொருக ஓட்டை தேடி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பெட்ரோல் மூடியைத் தவிர வேறு ஓட்டை இல்லை. நல்லவேளை, அதில் ஒயர் நுழையவில்லை.

சிவப்பு விளக்கில் நின்றால் எஞ்சின் தானாக அணையும், பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானாகப் பற்றிக்கொள்ளும் என்று சுதீர் சொன்னபோது நான் தெரிந்தவன் மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தேன். தலையாட்டினால் காது கேட்பதில்லை.

போன வெள்ளிக்கிழமை ஐயாவின் பால்ய நண்பர் காலமாகி, ஐயாவை வில்சன் கார்டன் மின்சாரச் சுடுகாட்டுக்குக் கூட்டிப்போனேன். வழியில் ஒரு சிக்னலில் வண்டி கப்சிப்.

"போயிடுச்சுங்கய்யா."

"யாரு?"

"வண்டிங்க."

"அது அப்படித்தாம்பா நிக்கும். நீ சும்மா உக்காரு."

"முப்பது வருஷ சர்வீஸ், எனக்குத் தெரியாததா?" என்று இறங்கி பானட்டுக்குப் போனேன். பிரேக்கிலிருந்து கால் எடுத்ததுதான் தாமதம், வண்டி உயிர்பெற்று, பின் சீட்டில் ஐயாவோடு, என்மேல் ஊர்ந்து வந்தது. இரண்டு கையாலும் தடுத்தபடி பின்பக்கமாகவே நடந்தேன். யானையைத் தடுத்தவனுக்குக்கூட இவ்வளவு வியர்த்திருக்காது.

"ஏய் குரு, காருல டிரைவரே இல்ல!" என்று தள்ளுவண்டி எளநீர்க்காரர் என்னைப் பார்த்துக் கத்தினார். இந்த ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் குருதான்.

"நான்தான்யா டிரைவர்!"

"அப்ப வெளிய என்ன பண்ற?"

பதில் சொல்வதற்குள் கார் இடித்து அவர் தள்ளுவண்டி சாய்ந்து, ரோடெல்லாம் எளநீர் உருண்டது. பஞ்சாயத்து முடிந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே எல்லாம் முடிந்திருந்தது. ஐயா புகைபோக்கியைப் பார்த்துக் கும்பிட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஆகவே அந்த வீட்டில் உனக்கு வேலை இல்லை. மனதைத் தேற்றிக்கொள். உன் வழியில் எல்லா சிக்னலும் பச்சையாகவே விழட்டும் என்று வாழ்த்தும்,
உன் மாமன்,
ஜெயவேலு.

பி.கு.: மேலே ஒன்று மட்டும் நானாகச் சேர்த்தது. வேலை போனது உனக்கில்லை, எனக்கு. ஐயாவின் சம்சாரம் பாகீரதி அம்மா, "உங்க அக்கா பையனும் இப்படித்தான் பேசுவானா?" என்று கேட்டார். "வாயே தொறக்க மாட்டாம்மா" என்றேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள், புது வண்டிக்கே. கடிதத்தைத் திருப்பி எழுதத் தெம்பில்லை. வந்து சேர். அக்காவிடம் மட்டும், அந்தப் புதுக்காரை நாம் இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஓட்டுகிறோம் என்று சொல்லிவை.