காற்று நின்ற பிறகும் நான் பாடியது பற்றி

உச்சிப்புளி,
ஞாயிறு காலை.

என் மகள் யுவராணியைத் தன் வீட்டுப் பிள்ளையாகவே வைத்துக்கொண்டிருக்கும் பெருமதிப்பிற்குரிய சம்பந்தி முத்துகிருஷ்ணன் அவர்களுக்கு, ராக்கப்பன் இரு கை கூப்பி எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கச்சி ராமலெட்சுமியும் சுகம். பரமக்குடியில் தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் பேரனும் அவ்விதமே இருக்க வேண்டும். அங்கே மழை உண்டா? இங்கே மேகம் வருகிறது, எட்டிப் பார்க்கிறது, மண்டபம் பக்கம் போய்விடுகிறது.

நேற்று தாங்கள் போன் செய்து, "ஒரு வீடியோ பாத்தேன், வீட்டுல ஏதும் மனத்தாங்கலா?" என்று கேட்டீர்கள். நான் தொண்டையைச் செருமுவதற்குள், "சரி சரி, பாத்து நடந்துக்கங்க" என்று வைத்துவிட்டீர்கள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மேடையில் நான் கண்ணை மூடிக்கொண்டு ஓவென்று கத்துவதும், உங்கள் தங்கச்சி அத்தனை பேர் முன்னால் என்னை அதட்டுவதும், பிறகு நான் துண்டால் கண்ணைத் துடைப்பதும் உண்மைதான். 'பெண்டாட்டி திட்டியதால் மேடையிலேயே அழுத தாத்தா' என்று யாரோ தலைப்பும் போட்டிருக்கிறார்கள். அதில் தாத்தா என்பது மட்டும்தான் சரி. மற்றதை விளக்கவே இந்தக் கடிதம். போனில் சொன்னால் நடுவில் வைத்துவிடுவீர்கள்.

போன வருஷம் மதுரையில் அவளுக்குக் கழுத்துக் கட்டியை எடுத்தது தங்களுக்குத் தெரியும், பழமெல்லாம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தீர்கள். குரல் சில காலம் கம்மலாக இருக்கும், பயிற்சி செய்யணும், பொறுமை வேணும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லித்தான் அனுப்பினார். தங்களுக்குத் தெரியாதது அதற்குப் பிறகு நடந்தது. அவள் முன்பு பேசின பேச்சு எப்படி என்றால், நான் வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் இறங்கும்போதே இன்றைக்கு என்ன குழம்பு என்று அவள் பக்கத்து வீட்டுக்குச் சொல்வது காதில் விழும். அந்தக் குரல் போய் வெறும் காற்றுதான் வந்தது, கிட்டே போய் உட்கார்ந்து காதைக் கொடுத்தால்தான் என்ன சொல்கிறாள் என்று புரியும். என்னைக் கூப்பிட டம்ளரில் கரண்டியால் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போ. நான் காலமெல்லாம் டிரைவருக்கு ஊதின விசில் எனக்கே திரும்பி வந்தது. யுவராணி போன் செய்தால் போனை என்னிடம் நீட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். பேரன், "அம்மாச்சி ஏன் பேசல, எம்மேல கோவமா?" என்று கேட்பான். அவன் கேட்டதை நான் அவளிடம் சொன்னதில்லை.

இப்படி இருக்கையில் தங்கச்சிமடத்தில் ஜெயசுதா என்றொரு அம்மா சென்னையிலிருந்து வந்து, பாம்பன் தீவிலும் இந்தக் கரையிலும் இருக்கிற ஜனங்களைச் சேர்த்து நூறு பேரை ஒரே மேடையில் பாடவைக்கப் போகிறார், மதுரையிலிருந்து ஒரு வண்டி நிறைய வயலின்காரர்கள் வேறு வருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கூட்டத்தோடு கூட்டமாகப் பாடினால் இவள் குரல் திரும்பி வராதா என்று ஒரு நப்பாசை. அவள் மாட்டேன் என்று தலையை ஆட்ட ஆட்ட, நான்தான் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப் போனேன். போன இடத்தில் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என்னை அந்தம்மா உள்ளே கூப்பிட்டு, ஏதாவது பாடச் சொன்னார். எனக்கு என்ன பாடத் தெரியும்? வழியில் உள்ள ஊர் பெயரையெல்லாம் சத்தமாகச் சொன்னேன். "பேஸ்" என்றார். சரி என்று பேச ஆரம்பித்தேன். சொந்த ஊர், வயசு, ரிட்டயர்டு கண்டக்டர் என்பது வரைக்கும் சொல்லியாயிற்று.

"பேச வேணாம்யா. பேஸ். கட்டைக் குரலுக்கு அப்புடிச் சொல்றது. அங்கன பின்வரிசையில போய் நில்லுங்க."

"சரிம்மா. நீங்க யாரு?"

"நாந்தான் கண்டக்டர்."

"எந்த டெப்போ?"

நூறு பேரும் சிரித்தார்கள். கையை ஆட்டிப் பாடவைக்கிறவருக்கும் அதே பெயராம். ஒரு வண்டியில் இரண்டு கண்டக்டர் இருந்தால் என்ன ஆகும் என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பாட்டு நாலு திசைக் காற்றைப் பற்றியது. பெண்களுக்கு வாடை, கொண்டல், சோழகம் என்று வரி வரியாக, வளைத்து வளைத்து அழகான மெட்டு. பின்வரிசை ஆண்கள் நாங்கள் கச்சான், அதாவது மேற்கே இருந்து வீசும் காற்று. எங்களுக்கு வார்த்தையே இல்லை. முதலிலிருந்து கடைசி வரை 'ஓ' மட்டும்தான், அதுவும் ஒரே இடத்தில் நின்றுகொண்டு. கிடைத்த ஓவையாவது ஒழுங்காகப் பாடுவோம் என்று நெஞ்சு நிறைய மூச்சு பிடித்துப் பாடினேன். அந்தம்மா கையை நிறுத்திவிட்டு, "ஐயா, நூறு பேர் பாடுறோம். ஒங்க குரல் எனக்குத் தனியாக் கேட்டா அது தப்பு" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கேக்காத குரலுக்கு நான் எதுக்கும்மா வரணும்? நாளைக்கு வராட்டி யாருக்குத் தெரியும்?" என்றேன். அந்தம்மா யோசிக்கவே இல்லை. "எனக்குத் தெரியும்யா" என்றார். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை, ஓ பாடுவதற்குத் தவிர.

ஆனால் எங்கே ஆரம்பிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. பக்கத்தில் நின்றவர் பெரியபட்டினம் நுஃமான், சவூதியில் கிரேன் ஓட்டிவிட்டு ஊரோடு வந்துவிட்டவர், தங்கமான மனுஷர். "அண்ணே, நீங்க கண்ண மூடிக்கிட்டுப் பாடுங்க. ஆரம்பிக்க ஒரு இடி, நிறுத்த ஒரு இடி, ரெண்டையும் நான் தாரேன். இன்ஷா அல்லாஹ், கரை சேத்துருவேன்" என்றார். அவர் முழங்கையை நம்பியே நான் பாடகன் ஆனேன். ராமலெட்சுமி நடுவரிசையில் நிற்பாள். உதடு அசைவது தெரியும், சத்தம் வருகிறதா என்று தெரியாது. திரும்பி வரும்போது பஸ் பாம்பன் பாலத்தில் ஏறியதும், "வந்துச்சா?" என்று கேட்பேன். இல்லை என்று தலையை ஆட்டுவாள். அப்புறம் நான் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு வருவேன். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான்.

கச்சேரி மண்டபம் ஊர்க் கடற்கரைத் திடலில் நடந்தது. எங்களுக்கெல்லாம் வெள்ளை வேட்டி சட்டை, தோளில் நீலத் துண்டு. எதிரே ஊர்பட்ட கூட்டம். பாட்டின் நடுவில் கச்சான் வெறிபிடித்து அடித்துவிட்டுச் சட்டென்று நிற்கும். அந்தம்மா கை மேலே நிற்கும், நூறு பேரும் மூச்சு விடக் கூடாது, வயலின்கூட முனகக் கூடாது. பார்ப்பவர்களுக்கு மயிர்க்கூச்செறிய வேண்டுமாம். அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் கடலிலிருந்து நிஜக் காற்று ஒன்று கிளம்பி, நுஃமான் கையில் இருந்த தாளைப் பிடுங்கிக்கொண்டு போனது. அவர் குனிந்து அதைத் துரத்தப் போய்விட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு இடிக்காகக் காத்திருக்கிறேன். இடி வரவில்லை. ஆகவே பாடினேன். எனக்கு அது ரொம்ப நன்றாகவே இருந்தது, சம்பந்தி. இத்தனை நாளில் முதல் தடவையாக என் குரல் எனக்கே சுத்தமாகக் கேட்டது. அடடா, நூறு பேரும் எப்படி என்னோடு ஒன்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

"ஏங்க! காத்து நின்னுபோச்சு! நிறுத்துங்க!"

திடல் முழுக்கக் கேட்டது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தம்மா கை அப்படியே மேலே நிற்கிறது. எனக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்துகொண்டிருந்த அதே குரல். நடுவரிசையில் ராமலெட்சுமி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துண்டு இருந்தது, துடைத்தேன். இதில் என்ன அவமானம்? அந்தம்மா சிரிப்பு அடங்கும் வரை பொறுத்திருந்து, மெதுவாகக் கையை இறக்க, பெண்கள் எல்லோரும் கொண்டல் காற்றை எடுத்தார்கள். அத்தனை பேரில் எனக்கு ஒரு குரல் தனியாகக் கேட்டது. அந்தம்மா கணக்கில் அது தப்பு. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆகவே எங்களுக்குள் மனத்தாங்கல் எதுவும் இல்லை. உங்கள் தங்கச்சிக்குக் குரல் திரும்பிய நல்ல செய்தியைத்தான் ஊரே போன் போனாக அனுப்பிக்கொண்டிருக்கிறது. இருந்தாலும் தங்கள் தெருவில் நாலு பேர் கேலி பேசும்படி ஆகிவிட்டதால், இனி நாங்கள் இருவரும் எந்த மேடையும் ஏறுவதில்லை என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன். பேரனுக்கு எங்கள் இருவரின் ஆயிரம் முத்தம். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். தங்கள் குடும்பம் எந்தக் குறையும் இல்லாமல் செழித்திருக்க நாங்கள் கும்பிடும் தெய்வமெல்லாம் துணை நிற்கட்டும்.

தங்கள் அன்புள்ள
ராக்கப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்முன் இதை ராமலெட்சுமிக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "மேடை ஏறமாட்டோம்னு எழுதுனத அடிங்க. அடுத்த கச்சேரி மதுரையில, ரெண்டு பேருக்கும் பேர் குடுத்துட்டேன்" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். "குரலும் அன்னைக்கு வரல. பாட்டுக்குப் போன கொஞ்ச நாள்லயே வந்துருச்சு. நீங்க கடைக்குப் போனப்ப யுவராணிகிட்டயும் பேரன்கிட்டயும் பேசிக்கிட்டுத்தான் இருந்தேன்" என்கிறாள். சம்பந்தியம்மாவுக்கும் தெரியுமாம். தெரியாதவர்கள் தாங்களும் நானும் மட்டும்தான். "அடிப்பாவி, அப்ப ஏன் தலைய ஆட்டுன?" என்று கேட்டேன். "நான் மெதுவாப் பேசுனப்பத்தான நீங்க டிவிய நிறுத்திட்டுக் கிட்ட வந்து உக்காந்து கேட்டீக. கல்யாணம் ஆனதுலருந்து அப்புடிக் கேட்டதே இல்ல. இன்னுங் கொஞ்ச நாளைக்கு இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அடுப்படியிலிருந்து அவள் சத்தமாகத்தான் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள், இங்கிருந்தே நன்றாகக் கேட்கிறது. டிவியை நிறுத்திவிட்டேன். கிட்டே போய் உட்காரப் போகிறேன்.