கோட்டுத் துணியை விழுங்கிய கண்ணாடி

அன்பும் பொறுமையும் உள்ள தம்பிக்கு, உன் அக்காள் ஆசி கூறி எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அங்கே நீயும் உன் மனைவியும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும்.

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். மகள் வயிற்றுப் பேத்தி நர்ஸ் படிப்பில் இரண்டாம் இடம். முதலிடம் வந்த பெண் இவளிடம்தான் நோட்டு வாங்கிப் படித்தாளாம். அதனால் தெருவில் முதலிடம் என்றே சொல்லி வைத்திருக்கிறேன். அவள் தம்பி நீச்சலில் கோப்பை வாங்கினான். கோப்பை எங்கள் சர்க்கரை டப்பாவைவிட உயரம். எங்களோடு இருக்கும் கடைக்குட்டி வாலு எட்டாம் வகுப்பு, அறிவியல் கண்காட்சியில் முதல் பரிசு. எதற்குப் பரிசு என்பது பின்னால் வரும், அதுதான் எனக்கு வந்த வினை. எல்லோருக்கும் மூத்தவன், உன் வீட்டில் தங்கி பஸ் ஓட்டிக்கொண்டிருந்த என் பேரன், இப்போது டெப்போவுக்கே சூப்பர்வைசராகப் போகிறான். ஐந்தாம் வகுப்போடு பையைத் தூக்கிப் போட்டவளுக்கு இதற்கு மேல் என்ன கொடுப்பினை வேண்டும்?

அவன் பொறுப்பேற்கும் விழாவுக்கு நம் தையல் கடைக் கோட்டுதான் போட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தது உனக்குத் தெரியும். பெட்டியில் ஏழு வருஷமாக ஒரே ஒரு கருநீலத் துணி, கோட்டுக்குச் சரியாக இருக்கும், ஒரு சாண் கூடக் கிடையாது. அளவுக்குத்தான் படம் கேட்டேன். நம் கடை வழக்கம் நீ அறியாததா? வெளியூர்க்காரர்கள் காலருகில் அடிக்கோலை நிறுத்திப் படம் எடுத்து அனுப்புவார்கள். கோல் எத்தனை, தோள் எத்தனை, வயிறு எத்தனை என்று கணக்குப் போட்டு வெட்டுவோம். முப்பது வருஷத்தில் ஒரு சட்டை திரும்பி வந்ததில்லை.

நீ அனுப்பிய உறையைப் பிரித்தேன். பிரித்தவள் அப்படியே மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். தம்பி, தலை எலுமிச்சம்பழம். கால் இரண்டும் நூல்கண்டு. நடுவில் வயிறு, வயிறு, வயிறு மட்டும்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூங்கில் குச்சியாகப் பஸ் ஏறிப் போன பிள்ளை. அந்த வயிற்றுக்கு மேல் ஏதோ கறுப்பு டப்பாவை வேறு பிடித்திருந்தான். படம் எடுக்கும்போதுகூடச் சாப்பாட்டு டப்பாவைக் கீழே வைக்க மனசு வரவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன். வீக்கமோ, நோவோ, உன் மனைவியின் கரண்டியோ என்று ராத்திரியும் பகலும் யோசித்தேன். உன் மனைவியிடம் இதைச் சொல்லாதே.

உன் அத்தான் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "எனக்கென்னமோ இது சரியாப் படல. போன் போட்டு அவனையே கேளு."

"வளந்த பிள்ளைகிட்ட உன் வயிறு எத்தனை இஞ்சுன்னு கேக்கச் சொல்றீங்களா? நான் கேக்க மாட்டேன்."

"அப்ப வெட்டாத."

அவர் கை நடுங்க ஆரம்பித்ததிலிருந்து கத்தரி என் கையில்தான், தெரியுமல்லவா. கணக்குப் போட்டேன். வயிறு ஐம்பத்திரண்டு. தோள் பதினாலு. கை இருபதே இஞ்சு. மறுபடி போட்டேன், அதே ஐம்பத்திரண்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெட்டிவிட்டேன். மூன்று நாள் உட்கார்ந்து தைத்தும் முடித்துவிட்டேன். கடைசிப் பொத்தானைத் தைக்கும்போது வாலு பள்ளியிலிருந்து வந்தாள். அதுவரை அவளிடம் காட்டாமல் வைத்திருந்த படத்தைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தால், தரையில் உருண்டு சிரிக்கிறாள்.

"அண்ணனுக்கு உடம்பு சரியில்லைன்னு நானே கலங்கிப் போயிருக்கேன், உனக்கு என்னடி சிரிப்பு?"

"பாட்டி, பின்னாடி நிக்கிற பஸ்ஸப் பாரு. அது ஏன் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிருக்கு? பஸ்ஸுக்குமா வீக்கம்? அண்ணன் டெப்போ வாசல்ல இருக்கிற வட்டக் கண்ணாடியப் பாத்து தன்னைத்தானே எடுத்திருக்கான். கையில இருக்கிறது டப்பா இல்ல, போன். அது குவியாடி பாட்டி. நான் பரிசு வாங்கினதே அதுக்குத்தான்."

குவியாடி என்றால் நம் பக்கமாகப் புடைத்துக்கொண்டிருக்கும் கண்ணாடியாம். முனை திரும்பும் பஸ்காரனுக்கு எதிரில் வருவதெல்லாம் தெரிய வேண்டுமே, அதற்காக இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை எல்லாவற்றையும் சுருட்டி உள்ளே போட்டுக்கொள்ளும். நடுவில் இருப்பது ஊதும், ஓரத்தில் இருப்பது சூம்பும். அடிக்கோலோ ஓரத்தில், காலடியில். அது சூம்பி, தோள் அதைவிடச் சூம்பினால் என் கணக்கு என்னாகும்? குவியல் என்றால் எனக்குத் தெரியாதா, கைகுவித்துக் கும்பிடத் தெரியாதா, ஊதும்போது உதட்டைக் குவிக்கத் தெரியாதா? அந்தச் சொல் கண்ணாடிக்குள் போய் உட்கார்ந்து என் பேரனைப் பிடித்துக்கொள்ளும் என்று யார் கண்டார்கள்? வாலு ஒரு கரண்டியைக் கொண்டுவந்து பின்பக்கத்தை என் மூக்குக்கு நேரே காட்டினாள். தம்பி, அந்த மூக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் குவிவுதான். செம்பின் வயிறு, பைக் கண்ணாடி, மருந்துக்கடை மூலையில் திருடனைப் பார்க்க மாட்டியிருக்கும் தட்டு, என் மூக்குக்கண்ணாடிச் சில்லுகூட. முப்பது வருஷமாக இத்தனைக்கும் நடுவில் நான் எப்படி நேராக அளந்தேன் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

கோட்டைப் பிரித்துத் தைக்கலாமே என்பாய். பெரியதைச் சின்னதாக்கலாம். பதினாலு இஞ்சுத் தோளைப் பதினெட்டாக்க எந்தத் தையல்காரனாலும் ஆகாது. துணி போனது போனதுதான். விழாவுக்கு இருபது நாள் இருக்கிறது. வேறு துணி தேடுகிறேன். இந்தத் தடவை நீயே நேரில் நின்று படம் எடு. கண்ணாடி கூடாது, கரண்டி கூடாது, பளபளவென்று எதுவும் பக்கத்திலேயே கூடாது. கோல் வயிற்றோடு ஒட்டி நிற்கட்டும்.

உன் மனைவிக்கு என் அன்பு. அவள் சமையலில் குறை ஒன்றும் இல்லை என்பதைப் பேச்சுவாக்கில் சொல்லிவை. பேரனுக்கு நூறு ஆசிகள். நீங்கள் எல்லோரும் குறைவின்றி, வீக்கமின்றி வாழ்க.

இப்படிக்கு,
உன் அக்காள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது முன்னறையில் வாலு கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால், உன் அத்தான் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். அவருடைய ஒடுங்கிய தோளுக்கு இம்மி பிசகவில்லை. அவர் குட்டைக் கைக்கு மணிக்கட்டில் வந்து நிற்கிறது. ஐம்பத்திரண்டு இஞ்சு வயிற்றில் மூன்று பொத்தானும் மூச்சுவிடாமல் பூட்டிக்கொண்டன. இத்தனை வருஷமாக 'எனக்கு நாப்பது போதும்' என்று தன் அளவைத் தானே சொல்லி வந்த மனிதர். "எங்க குவியாடி?" என்று கேட்டேன். காலரை நீவிவிட்டுக்கொண்டார், கழற்றவில்லை. இதைப் போட்டுக்கொண்டு, இந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு நாளைக் காலை பஸ்ஸில் அங்கே வருகிறாராம். போகிற வழியில் துணி எடுத்து, இஞ்சு டேப்பால் பிள்ளையை நேரில் அளந்து, கை நடுங்கினாலும் தானே வெட்டுவாராம். ஆகவே நான் மேலே கேட்ட படம் வேண்டாம். வாலுவுக்குப் பரீட்சை, நான் வர முடியாது. விழாவன்று இரண்டு பேரையும் கோட்டோடு பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, நேராக எடுத்து, ஒரு புதுப்படம் தபாலில் அனுப்பு. அதில் ஒருவர் குவிந்து தெரிந்தால் பரவாயில்லை, அது கண்ணாடியின் குற்றம் இல்லை என்று எனக்குத் தெரியும்.