கிராணி ராமையாவின் பந்துப் பை

பொதுப் பொருளைக் கையில் வாங்கிய மறுநிமிடமே அதைத் தான் பெற்ற பிள்ளையாக எண்ணத் தொடங்கும் ஓர் இனம் நம்மிடையே உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கோயில் பாத்திர அறைச் சாவி, சங்கத்து காஸ் விளக்கு, கல்யாணத்துக்கு விரிக்கும் பெரிய ஜமக்காளம், எதுவானாலும் சரி, அவரை நம்பிக் கொடுத்தீர்களோ, போயிற்று. திருடமாட்டார். விற்கமாட்டார். தானும் அனுபவிக்கமாட்டார். ஐயோ, அனுபவித்தாலாவது அந்தப் பொருள் பிறந்த பயனை அடையுமே! வைத்திருப்பார். அவ்வளவுதான். ஏன் சாமி என்று கேட்டால், ஒரே பதில் வரும்.

"நாளைக்குக் கேட்டா யாரு பதில் சொல்றது?"

யார் கேட்பார்கள்? அதை மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள்.

இந்த இனத்தின் மாணிக்கம் ஒன்று, ஜப்பான்காரன் காலத்தில், மலாயா மலைநாட்டில், தானா ராத்தா ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஒளிவீசிக்கொண்டிருந்தது. பெயர் ராமையா. வெள்ளைக்காரத் துரை இருந்தவரை ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. துரை ஓடிப்போனார். ஜப்பான் அதிகாரி ஒருவர் அந்தப் பங்களாவில் குடியேறியதும், கணக்கெழுதத் தேயிலையும் இல்லை, கொடுக்க அரிசியும் இல்லை. அதிகாரிக்கோ பேஸ்பால் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை தோறும் சிப்பாய்கள் ஒரு கட்சி, தோட்டத்து வாலிபர்கள் ஒரு கட்சி. நடுவர் வேண்டுமே! சட்டையில் பொத்தான் மிச்சமிருந்த ஒரே மனிதர் ராமையாதான். அவர் இடுப்பில் ஒரு பையைக் கட்டி, அதில் பந்துகளைப் போட்டு, "யோஷி" என்று தோளைத் தட்டினார் அதிகாரி. யோஷி என்றால் "சரி, நல்லது" என்று அர்த்தம். ராமையாவுக்குத் தெரிந்த ஜப்பானியம் அதோடு தொடங்கி அதோடு முடிந்தது.

அன்றிலிருந்து அவர் நடை மாறிவிட்டது. கர்ப்பிணி வயிற்றைத் தாங்குவதுபோல் ஒரு கை எப்போதும் பையின் அடியில்! புதுப் பந்தின் வழவழப்பு போக லேசாகச் சேறு தேய்க்க வேண்டும் என்று அதிகாரி ஒருமுறை செய்து காட்டியிருந்தார். விடுவாரா இவர்? ஓடைக்குப் போய், சேற்றை அள்ளி, துணியில் வடிகட்டி, இரண்டு விரலால் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, சுவாமிக்குச் சந்தனம் சாத்துகிற பக்தியோடு தேய்ப்பார். தேய்த்த பந்தை ஊதுவார், முகருவார், வெயிலில் திருப்பிப் பார்ப்பார். பிறகு ஆட்டத்துக்குக் கொடுப்பாரா? மறுபடி பைக்குள்! ஆடுவதற்கென்று ஒரு கிழட்டுப் பந்து இருந்தது. அது தேயிலைச் செடிக்குள் விழுந்தால் ஆட்டம் நிற்கும், இரண்டு கட்சியும் மண்டியிட்டுத் தேடும்.

"புதுசு ஒண்ணு எடுங்கலா, கிராணியாரே. முள்ளுக் குத்துது," என்பான் தோட்டத்துக் கட்சியில் ஆடும் செல்லையா.

"இருக்கிறதைத் தேடு. நாளைக்குக் கேட்டா?"

தையல் பிரிந்தால் கோணி ஊசியால் தைப்பார். தோல் கிழிந்தால் மரவள்ளிக் கிழங்குப் பசையால் ஒட்டுவார். பந்து சப்பிப்போய், ஒரு பக்கம் வீங்கி, பல்வலிக்காரன் கன்னம் போல ஆன பிறகும் உயர்த்திப் பிடித்து, "யோஷி!" என்பார்.

இதெல்லாம் வெறும் சிரிப்பாகவே போயிருக்கும். ஆனால் அந்த மழைக் காலத்தில் செல்லையாவின் மனைவி சரோஜாவுக்குக் குழந்தை பிறந்தது. மலைக் குளிர். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டுப் பலகை இடுக்கெல்லாம் பனி. துணி என்று ஒன்று தோட்டத்தில் கிடையாது. ஆண்கள் இடுப்பில் கோணி, பெண்கள் தோளிலும் கோணி. பிறந்த பிள்ளையையும் கோணியிலேதான் சுற்றினார்கள். அதன் உதடு நீலம் பாரித்துக்கொண்டே வந்தது. அழக்கூடத் தெம்பில்லை அந்தப் பச்சை மண்ணுக்கு!

சரோஜாவின் தாய் அம்மாக்கண்ணு, முன்பு துரை பங்களாவில் ஆயா வேலை பார்த்தவள். துரைசாணியிடம் கம்பளி பின்னக் கற்றவள். மூங்கில் குச்சி இரண்டைச் சீவித் தயாராக வைத்திருந்தாள். நூல்தான் இல்லை. ஒரு நாள் ராமையா பந்து தைக்கும்போது கிழிசல் வழியே எட்டிப் பார்த்தாள். உள்ளே சுற்றிச் சுற்றி, முழுக்க முழுக்கக் கம்பளி நூல்!

"சாமி, அது செத்த பந்து. எனக்குக் குடுங்க. பிள்ளை தலைக்கு ஒரு குல்லா, நெஞ்சுக்கு ஒரு துண்டு. அதான் கேக்குறேன்."

ராமையாவின் கண்ணில் நீர் தளும்பியது. நிஜமான நீர். "அம்மாக்கண்ணு, என் உசிரை வேணும்னா கேளு. இது பொறுப்பு. நாளைக்குக் கேட்டா?"

"உங்க உசிரைப் பின்ன முடியாதே, கிராணியாரே!"

செத்த பந்து என்று அவர் எதைத்தான் ஒப்புக்கொண்டார்?

அடுத்த ஞாயிறு, லயமே திரண்டு மைதானத்துக்கு வந்துவிட்டது. யார் ஜெயித்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான். செல்லையா மட்டையை ஓங்கும்போதெல்லாம், "கிழியட்டும்டா! பிரியட்டும்டா!" என்று பெண்கள் அடித்தொண்டையில் அலறினார்கள். தன் நாட்டு ஆட்டம் தோட்டத்தையே வசியம் செய்துவிட்டதென்று அதிகாரி பூரித்துப்போனார். ராமையா மட்டும் ஒவ்வோர் அடிக்கும் தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, பந்தைத் தடவிப் பார்த்து, "யோஷி" என்று பெருமூச்சு விட்டார்.

செல்லையா பல்லைக் கடித்தான். பந்து வந்தது. அடித்தான் பாருங்கள், பெற்ற பிள்ளைக்காக ஒருவன் அடிக்கிற அடி அது! கிழங்குப் பசை விட்டது, தோல் ஒரு பக்கம் பறந்தது, பந்து மேட்டுத் தேயிலையில் விழுந்தது. நூலின் நுனி ஒரு கிளையில் மாட்டிக்கொள்ள, பந்து மட்டும் சரிவில் குதித்துக் குதித்து இறங்கியது. பையைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் ராமையா ஓடினார். அதற்குள் மேட்டில் ஏறிவிட்ட அம்மாக்கண்ணு கிளையிலிருந்து நுனியை எடுத்தாள். முழங்கையில் சுற்றத் தொடங்கினாள். அவர் இறங்க இறங்க அவள் சுற்றினாள். கீழே மூச்சிரைக்க அவர் பந்தைப் பிடித்தபோது, கையில் கிடைத்தது உள்ளே இருந்த ரப்பர் உருண்டை, நெல்லிக்காய் அளவு.

"பந்து?" என்பதுபோல் அதிகாரி கையை நீட்டினார்.

ராமையா அந்த உருண்டையை ஊதினார். முகர்ந்தார். சேறு தடவினார். உயர்த்திப் பிடித்தார்.

"யோஷி!"

அதிகாரி சிரித்த சிரிப்பில் தொப்பி கீழே விழுந்தது.

குல்லா பின்னியாயிற்று. நெஞ்சுத் துண்டும் ஆயிற்று. குழந்தை சூடேறி, சிவந்து, ஊரைக் கூட்டி அழுதது. மறுநாளே ராமையா பார்க்க வந்தார். குழந்தையையா? குல்லாவை! விரலால் தடவி, "அழுக்காக்காம வச்சுக்க. நாளைக்குக் கேட்டா?" என்றார்.

"வரச் சொல்லுங்க. தலையில இருக்கு, கழட்டி எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க," என்றாள் அம்மாக்கண்ணு.

யாரும் வரவில்லை. சண்டை முடிந்து ஜப்பான்காரர்கள் போன பிறகு, ராமையா பையை அவிழ்த்தார். ஆடப்படாத புதுப் பந்துகள், மலை ஈரத்தில் பூஞ்சை பூத்து, தொட்டால் தோல் உதிர்ந்து, உள்ளே நூல் மாவாகிக் கிடந்தன. எத்தனை பிள்ளைகளின் குல்லா அது! ராமையா தேம்பித் தேம்பி அழுதார். பந்துகளுக்காக.

சிரிக்கிறீர்களா? நல்லது. இதோ, பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் நிற்கிறாள். படித்து முடித்த இந்தப் புத்தகத்தை ஒருநாள் இரவல் கேட்கிறாள். உங்கள் கை ஏன் அதை மெல்லத் தலையணைக்கு அடியில் தள்ளுகிறது?